மூன்றரை மணி நேரம் ஓடும் மெஷின் எப்படி மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது?

புதிதாக ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின் வாங்கிய வீடுகளில் முதல் வாரத்திலேயே ஒரு சந்தேகம் கிளம்பும். முகப்பில் உள்ள குமிழை ‘க்விக்’ பக்கம் திருப்பினால் 15 அல்லது 30 நிமிடம் காட்டும். ‘ஈகோ’ பக்கம் திருப்பினால் மூன்று மணி நேரத்துக்கு மேல் காட்டும். ஈகோ என்றால் சிக்கனம் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். மூன்றரை மணி நேரம் ஓடுவதில் என்ன சிக்கனம்? ஃபேனோ ஏசியோ, எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவு யூனிட் என்றுதான் நமக்குப் பழக்கம். அதனால் பெரும்பாலானவர்கள் க்விக் மோடிலேயே துணியைப் போட்டு எடுத்துவிடுகிறார்கள். கரன்ட் மிச்சம் என்றும் நினைத்துக்கொள்கிறார்கள்.

வாஷிங் மெஷின் விஷயத்தில் இந்தப் பழக்கம் நம்மைத் தவறான பக்கம் இழுக்கிறது. காரணம், அந்தப் பெட்டிக்குள் மின்சாரத்தைச் செலவழிப்பவை இரண்டு. ஒன்று மோட்டார், இன்னொன்று ஹீட்டர். துவைக்கும்போது டிரம்மைச் சுற்றும் மோட்டார் கொஞ்சம் ஓடும், கொஞ்சம் நிற்கும், திசை மாற்றி மறுபடி ஓடும். சராசரியாகப் பார்த்தால் ஏறத்தாழ 100 வாட்டை ஒட்டித்தான் இழுக்கும். ஹீட்டரோ பொதுவாக 2000 வாட். அதாவது ஹீட்டர் கால் மணி நேரம் எரிந்தாலே அரை யூனிட் போய்விடும். அதே அரை யூனிட்டில் மோட்டார் ஐந்து மணி நேரம் சுற்றலாம்.

கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க 4.186 கிலோஜூல் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3600 கிலோஜூல். ஃப்ரண்ட் லோடு மெஷினில் சோப்புப் போட்டுத் துவைக்கும் கட்டத்தில் 15 லிட்டர் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 டிகிரியில் உள்ள அந்தத் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக அரை யூனிட்டுக்குச் சற்று மேலே ஆகும். ஈரத் துணியும் இரும்பு டிரம்மும் சேர்ந்து சூடாக வேண்டுமே, அதற்குத் தனியாக இன்னும் கொஞ்சம். 60க்குப் பதிலாக 40 டிகிரியோடு நிறுத்தினால் அந்த அரை யூனிட் 0.17 ஆக இறங்கிவிடும். துவைப்பில் மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டுமா, வெப்பத்தைக் குறைக்க வேண்டும். ஓடும் நேரத்தைக் குறைத்துப் பெரிதாக ஒன்றும் ஆகாது.

சரி, சூட்டைக் குறைத்தால் அழுக்கு போகுமா? ஜெர்மனியில் ஹென்கெல் நிறுவனத்தில் வேலை பார்த்த வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர் 1959ல் இதற்கு ஒரு சட்டகம் போட்டுக் கொடுத்தார். சுத்தம் செய்யும் எந்த வேலையிலும் நான்கு பங்காளிகள் உண்டு: வெப்பம், சோப்பு முதலிய வேதிப்பொருள், அடிப்பது தேய்ப்பது போன்ற விசை, நேரம். நான்கும் சேர்ந்து ஒரு முழு வட்டம். ஒன்றின் பங்கைக் குறைத்தால் மற்றவற்றில் ஏதோ ஒன்று பெருக வேண்டும், இல்லாவிட்டால் அழுக்கு துணியிலேயே நிற்கும். சின்னர் வட்டம் என்ற பெயரில் சலவைத் தொழிலிலும் பெரிய கட்டடங்களைச் சுத்தம் செய்யும் தொழிலிலும் இன்றைக்கும் இதைத்தான் முதல் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள்.

ஈகோ மோடு செய்வது இந்த வட்டத்துக்குள் ஒரு பண்டமாற்று. வெப்பத்தைக் குறைக்கிறது, தண்ணீரையும் குறைக்கிறது. சோப்பை இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது, கூட்டினால் அலசத் தண்ணீர் வேண்டும். விசையையும் ஓரளவுக்கு மேல் கூட்ட முடியாது, துணி கிழியும். மிச்சம் இருப்பது நேரம் ஒன்றுதான். பாட்டிமார்கள் ராத்திரியே துணியைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, காலையில் கல்லில் நாலு அடி அடித்து எடுத்தார்களே, அதே முறைதான். ஊறாத துணிக்கு நாற்பது அடி வேண்டியிருக்கும்.

ஈகோ மோடில் ஓடும் மெஷினின் கண்ணாடிக் கதவு வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தால் இது புரியும். தண்ணீரே கண்ணுக்குத் தெரியாது. துணி நனைந்து கனத்திருக்கும். டிரம் சில விநாடி சுற்றும். உள்ளே உள்ள மேடுகள் துணியை மேலே தூக்கிக்கொண்டு போய்த் தொப்பென்று கீழே போடும். அப்புறம் அமைதி. மறுபடியும் எதிர்ப்பக்கமாகச் சில சுற்று. இடையே ஒரு பம்ப், அடியில் தேங்கிய சோப்புத் தண்ணீரை எடுத்து மேலிருந்து பொழியும் மாடல்களும் உண்டு. அந்த அமைதியான நேரத்தில்தான் வேலை நடக்கிறது. சோப்பில் உள்ள நொதிகள் வியர்வையின் புரதத்தையும் குழம்பின் எண்ணெயையும் சாதத்தின் மாவுச்சத்தையும் துண்டுதுண்டாக உடைக்கின்றன. நொதிகளுக்குக் கொதிநீர் ஆகாது. வெதுவெதுப்பும் அவகாசமும் கொடுத்தால் போதும். கால் மணி நேர க்விக் மோடில் அவற்றுக்கு அந்த அவகாசமே கிடைப்பதில்லை.

இப்படி நேரத்தை விற்று மின்சாரத்தை வாங்கும் வேலையைச் சட்டமாகவே எழுதிவைத்தது ஐரோப்பிய ஒன்றியம். 2021 மார்ச் 1 முதல் அங்கே விற்கும் ஒவ்வொரு வாஷிங் மெஷினிலும் ‘ஈகோ 40-60’ என்ற மோடு இருந்தாக வேண்டும். 40 டிகிரியில் துவைக்கலாம் என்று குறியிட்ட பருத்தித் துணியையும், 60 டிகிரி என்று குறியிட்டதையும் ஒன்றாகப் போட்டு அந்த மோடில் துவைத்துவிடலாம். மெஷினின் மின்சார லேபிள் இந்த மோடை ஓட்டித்தான் கணக்கிடப்படுகிறது. முழு லோடு, பாதி லோடு, கால் லோடு என்று மூன்று அளவிலும் ஓட்டிப் பார்க்கிறார்கள், ஏனென்றால் எந்த வீட்டிலும் தினமும் டிரம் நிரம்பத் துணி சேர்வதில்லை. அதற்கு முன் லேபிளில் இருந்த ஏ பிளஸ் பிளஸ் பிளஸ் போன்ற அடுக்குகளை நீக்கிவிட்டு ஏ முதல் ஜி வரை என்று சீராக்கினார்கள். முன்பு ஆண்டுக்கு 220 தடவை துவைப்பதாக வைத்து மொத்த யூனிட்டைப் போட்டார்கள். இப்போது 100 தடவைக்கு இத்தனை யூனிட் என்று போடுகிறார்கள். நூறால் வகுப்பது எல்லோருக்கும் எளிது.

இந்த விதியில் எனக்குப் பிடித்த அம்சம் இரண்டு. துவைப்பின் தரத்துக்கும் அலசலின் தரத்துக்கும் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறார்கள். மின்சாரத்தைக் குறைக்கிறேன் என்று அழுக்குத் துணியை வெளியே தள்ளும் மெஷின் தேறாது. அடுத்தது, ஈகோ மோடு எத்தனை மணி நேரம் ஓடும் என்பதை லேபிளிலேயே அச்சிடச் சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்துக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. எவ்வளவு பெரிய மெஷினானாலும் முழு லோடுக்கு நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வரம்பு இல்லாவிட்டால் நிறுவனங்கள் லேபிளில் நல்ல எழுத்து வாங்குவதற்காக ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று இழுத்துக்கொண்டே போகலாம். அந்த மோடை வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். தொடாத மோடின் சிக்கனம் காகிதத்தோடு நின்றுவிடும்.

இதன் பலன் எண்ணில் தெரிகிறது. ஐரோப்பிய லேபிளில் ஏ எழுத்து வாங்கும் 8 கிலோ மெஷின் ஒரு தடவைக்கு ஏறத்தாழ அரை யூனிட்டில் வேலையை முடிக்கிறது. தண்ணீர் 50 லிட்டரை ஒட்டி. நேரம் மூன்றரை மணிக்கு மேல். குழாயில் 15 டிகிரியில் தண்ணீர் வரும் ஊரில், அதே 15 லிட்டரை 60 டிகிரிக்குச் சூடாக்குவதற்கு மட்டுமே கிட்டத்தட்ட 0.8 யூனிட் ஆகும்.

அமெரிக்காவில் இதே கதை வேறு விதமாக, அரசியலாகிப்போனது. அங்கே பல பத்தாண்டுகளாக வீடுகளில் இருந்தது டாப் லோடு மெஷின்தான். நடுவில் தூண் போல அஜிட்டேட்டர் நிற்கும், தொட்டி நிறையத் தண்ணீர் பிடிக்கும், தூண் இடமும் வலமும் திரும்பித் துணியைக் கலக்கும். ஒரு தடவைக்கு 150 லிட்டர் வரை தண்ணீர் போனாலும் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். எரிசக்தித் துறை 2004, 2007, 2015, 2018 என்று படிப்படியாக விதியை இறுக்கியது. 2007ல் வந்த ஒரு சட்டம், 2011 முதல் தண்ணீருக்கும் வரம்பு வைத்தது. தண்ணீரும் சூடும் குறையக் குறைய, சின்னர் வட்டம் சொன்னபடியே நேரம் நீண்டது. முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்த வேலை ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது என்று புகார்கள் எழுந்தன.

2020 டிசம்பரில், டிரம்ப் அரசின் முதல் பதவிக்காலத்தின் கடைசி வாரங்களில், எரிசக்தித் துறை ஒரு புதுப் பிரிவையே உருவாக்கியது. வழக்கமான துவைப்பை 30 நிமிடத்துக்குள் முடிக்கும் டாப் லோடுக்கும், 45 நிமிடத்துக்குள் முடிக்கும் ஃப்ரண்ட் லோடுக்கும் தனி வகுப்பு. அந்த வகுப்புக்கு என்று வரம்பு எழுதப்படும் வரை மின்சாரக் கட்டுப்பாடும் இல்லை, தண்ணீர்க் கட்டுப்பாடும் இல்லை. இருக்கும் விதியைத் தளர்த்துவதற்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று சொல்லி 2022 ஜனவரியில் பைடன் அரசு அதை ரத்து செய்தது. சில மாநிலங்கள் வழக்குப் போட்டன. 2024 ஜனவரியில் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், ரத்து செய்த விதம் முறையற்றது என்று தீர்ப்பளித்தது. வாஷிங் மெஷினின் தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்த அந்தத் துறைக்கு அதிகாரமே இருக்கிறதா என்ற கேள்வியையும் எழுப்பியது. அதே 2024ன் தொடக்கத்தில், 2028 மார்ச் முதல் நடைமுறைக்கு வரும்படி புது விதி ஒன்றும் வெளியானது.

இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் ஒரு உண்மை இருக்கிறது. நேரம் என்பது மக்களுக்கு ஒரு செலவு, அதைக் கணக்கில் எடுக்காமல் விதி எழுதக் கூடாது. அது நியாயம். ஆனால் எல்லா வரம்பையும் எடுத்துவிட்டால்தான் வேகம் கிடைக்கும் என்பதில் நியாயமில்லை. அவசரத்துக்கென்று க்விக் மோடு ஏற்கெனவே எத்தனையோ மெஷின்களில் இருக்கிறது. லேபிளில் நேரத்தை அச்சிட்டு, அதற்கும் ஒரு வரம்பு வைத்த ஐரோப்பிய வழிதான் எனக்கு நேர்மையாகத் தெரிகிறது. வாங்குபவர் மின்சாரம், தண்ணீர், நேரம் என்ற மூன்று விலையையும் பார்த்து முடிவெடுக்க முடிகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். ஐரோப்பாவின் முடிவை அப்படியே எடுத்துவந்து இங்கே பொருத்தினால் சரிப்படாது. சென்னையில் குழாயைத் திறந்தாலே தண்ணீர் 28, 30 டிகிரியில்தான் வருகிறது. மே மாதத்தில் மொட்டைமாடி கறுப்பு பிளாஸ்டிக் டேங்கிலிருந்து மதியம் வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது. ஐரோப்பியர் ஹீட்டரை எரித்துப் பெறும் 30 டிகிரி, நமக்கு வெயிலே தந்துவிடுகிறது. நாம் ‘கோல்ட்’ என்று அழுத்தும் பட்டன் அவர்கள் ஊரில் வெதுவெதுப்பான துவைப்பு. அதனால் ஹீட்டர் இல்லாமல் துவைக்கும் நம் வீடுகளில் மின்சாரம் ஒரு தடவைக்கு 0.2 யூனிட்டை ஒட்டித்தான் போகும். வாரம் நான்கு தடவை என்றால் இரண்டு மாதத்துக்கு ஏழு யூனிட் சுமார். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற கணக்கில் இது கண்ணுக்கே தெரியாது. அதே வீட்டில் எல்லாத் துணியையும் 60 டிகிரியில் போட்டால் 35 யூனிட் வந்து நிற்கும். ‘காட்டன்’ மோடைத் தேர்ந்தெடுத்தால் பல மெஷின்கள் தாமாகவே 40 அல்லது 60 டிகிரியில் போய் நிற்கும். வெப்பத்துக்குத் தனி பட்டன் இருப்பதைக் கவனிக்காத வீடுகளில் இந்த 35 யூனிட் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கிறது.

ஆக, நமக்கு மின்சாரம் சின்ன விஷயம். பெரிய விஷயம் தண்ணீர்.

7 கிலோ ஃப்ரண்ட் லோடு, ஒரு தடவைக்கு 50, 60 லிட்டரில் முடித்துவிடும். டிரம் படுத்த வாக்கில் இருப்பதால் அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலே போதும், சுற்றும்போது எல்லாத் துணியும் அதில் முங்கி எழும். டாப் லோடில் டப் நின்ற வாக்கில் இருக்கிறது. துணி மிதந்து புரள வேண்டும் என்றால் கழுத்து வரை தண்ணீர் நிரம்ப வேண்டும். துவைக்க ஒரு நிரப்பல், அலச ஒன்றிரண்டு நிரப்பல் என்று 100 லிட்டரைத் தாண்டி 120, 140 வரை போகும். இரண்டுக்கும் இடையே தடவைக்கு 60 லிட்டர் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் நான்கு தடவை, ஆண்டுக்கு 208 தடவை. மொத்தம் 12,480 லிட்டர். நம் தெருவில் வந்து நிற்கும் 12,000 லிட்டர் லாரி ஒன்று, அப்படியே ஒரு வீட்டின் துணி அலசிய தண்ணீராகச் சாக்கடையில் போகிறது. இருபது வீடு உள்ள அடுக்குமாடியில் இருபது லாரி.

2019 கோடையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கின் கனம் தெரியும். செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் என்று நான்கு ஏரியும் வறண்டுபோய், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அதற்கு அப்புறம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளைச் சென்னை இன்னும் அதிகமாக நம்ப ஆரம்பித்துவிட்டது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் நாளுக்கு பத்துக் கோடி லிட்டர் அளவுக்கு ஒவ்வோர் ஆலை முன்பே இருந்தது. நெம்மேலியில் 15 கோடி லிட்டர் ஆலை 2024ல் சேர்ந்தது. கடல்நீரைச் சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் ஆகும். அந்த 12,480 லிட்டர் கடலிலிருந்து வந்ததாக இருந்தால், அதற்குள்ளேயே 37 முதல் 50 யூனிட் வரை ஒளிந்திருக்கிறது. நம் மீட்டரில் ஓடாத யூனிட் அது. கோல்ட் மோடில் துவைக்கும் வீடு ஓர் ஆண்டு முழுக்க மெஷினுக்குச் செலவழிக்கும் மின்சாரமே அவ்வளவுதான் இருக்கும்.

தண்ணீர் பேச்சு வந்ததால், நேரத்தை நீட்டும் இன்னொரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும். இது கையேட்டில் எங்கோ கடைசிப் பக்கத்தில் இருக்கும். முகப்பில் காட்டும் நேரம் ஒரு மதிப்பீடு. தண்ணீர் நல்ல அழுத்தத்தில் வரும் என்று நம்பிப் போடப்பட்டது. பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்கு ஒரு பார் அழுத்தம். பல ஃப்ரண்ட் லோடு மெஷின்கள் குறைந்தது 0.3 அல்லது 0.5 பார் கேட்கும். மொட்டைமாடியில் தரையோடு தரையாக டேங்க், அதற்கு நேர் கீழே கடைசி மாடி வீடு, அங்கே பாத்ரூமில் மெஷின். உயர வித்தியாசம் மூன்று மீட்டர் கூடத் தேறாது. குழாயில் வாளி நிரம்புகிறதே என்று நாம் நினைப்போம். மெஷினுக்குள் இருக்கும் வால்வு சரியாகத் திறக்க அந்த அழுத்தம் பத்தாது. ஒவ்வொரு நிரப்பலும் இழுக்கும், ஒரு மணி நேர மோடு ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும், சில நேரம் பாதியில் நின்று தண்ணீர் வரவில்லை என்று குறி காட்டும். அதே மாடல் தரைத்தளத்து வீட்டில் சொன்ன நேரத்தில் முடியும். மெஷினைக் குறை சொல்லி மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால், உள்ளே வரும் குழாயின் முனையில் இருக்கும் சின்ன வலையைக் கழற்றிப் பாருங்கள். போர் தண்ணீர் வீடுகளில் அது மணலும் துருவும் அடைத்துப் பாதி மூடியிருக்கும். அது சுத்தமாக இருந்தும் இழுக்கிறது என்றால் பிரஷர் பம்ப் பற்றி யோசிக்கலாம்.

நுரையும் நேரத்தைத் தின்னும். கையால் துவைக்கும் பவுடரை ஃப்ரண்ட் லோடில் போட்டால் டிரம் நிறைய நுரை. துணி மேலிருந்து விழும் அடி நுரை மெத்தையில் பட்டு மெத்தென்று ஆகிவிடும், அடி இல்லாவிட்டால் அழுக்கும் போகாது. மெஷின் நுரையைக் கண்டுபிடித்து ஓட்டத்தை நிறுத்தும், நுரை அடங்கக் காத்திருக்கும், கூடுதலாக ஒரு அலசல் சேர்க்கும். நேரமும் தண்ணீரும் இரண்டும் போச்சு. கடின நீர் உள்ள ஊரில் சோப்பு நுரைக்காது என்பதால் கை தாராளமாகப் போடும், அதே கைப்பழக்கம் மெட்ரோ தண்ணீர் வரும் நாளிலும் தொடரும். அங்கேதான் சிக்கல். ஸ்பின் கட்டத்தில் ‘1 நிமிடம்’ என்று காட்டியபடி பத்து நிமிடம் நிற்பதற்குக் காரணம் வேறு. ஒரே ஒரு பெட்ஷீட்டோ ஒரு ஜீன்ஸோ தனியாகக் கிடந்து ஒரு பக்கம் கனமாகிவிட்டது. மெஷின் துணியைப் பிரித்துப் போட முயன்று முயன்று பார்க்கிறது. கூட நாலு துணி சேர்த்துப் போட்டிருந்தால் அந்தப் பத்து நிமிடம் தேவைப்பட்டிருக்காது.

அப்படியானால் க்விக் மோடே கூடாதா? தாராளமாகப் பயன்படுத்தலாம், அதற்கென்று உள்ள வேலைக்கு. அது இரண்டு கிலோ துணிக்காக எழுதப்பட்ட மோடு. ஒரு நாள் உடுத்திய சட்டை, வியர்வை மட்டும் பட்ட பனியன், ஊரிலிருந்து வந்து பெட்டியில் இருந்த துணி. இவற்றுக்கு அது போதும். ஆனால் இரண்டு கிலோவுக்கு 30, 40 லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளும். கிலோவுக்கு 15 லிட்டருக்கு மேல் ஆகிறது. நிறைந்த டிரம்மில் ஈகோ, கிலோவுக்கு ஆறேழு லிட்டரில் முடிக்கிறது. க்விக் மோடில் ஏழு கிலோவைத் திணித்தாலோ சோப்பு துணியிலேயே தங்கிவிடும். குழந்தைகளுக்கு அரிப்பு வந்தபின்தான் பல வீடுகளில் இது தெரியவருகிறது. இன்னொன்று, எப்போதும் குளிர்ந்த தண்ணீர், எப்போதும் குறுகிய நேரம் என்று ஓட்டினால் கதவு ரப்பரின் மடிப்பில் வழவழவென்று படிந்து நாற்றம் பிடிக்கும். மாதத்துக்கு ஒரு தடவை 60 டிகிரியில் காலி டிரம்மையோ துண்டு, படுக்கை விரிப்புகளையோ ஓட்டுவது நல்லது. அந்த அரை, முக்கால் யூனிட்டைக் கணக்குப் பார்க்க வேண்டாம். தூசிப் பூச்சி ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டில் படுக்கை விரிப்புக்கு 60 டிகிரி அவசியம், பூச்சி சாவது அந்தச் சூட்டில்தான்.

ஸ்பின் வேகத்தைப் பற்றிக் கடைகளில் பெரிதாகப் பேசுவார்கள். 1200, 1400 என்று எண் ஏற ஏற விலையும் ஏறும். 50 சென்டிமீட்டர் டிரம் நிமிடத்துக்கு 1200 சுற்றும்போது ஓரத்தில் ஒட்டிய துணியை, புவியீர்ப்பைப் போல 400 மடங்கு விசை அழுத்துகிறது. தண்ணீர் பிழிந்துகொண்டு வெளியேறும். ட்ரையரில் துணி காயவைக்கும் நாடுகளுக்கு இது உயிர்நாடி. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கவே 0.6 யூனிட்டுக்கு மேல் வேண்டும், அதைச் சுழற்றி வெளியேற்றினால் அதில் சிறு பங்குதான் ஆகும். அமெரிக்க விதி மெஷினின் திறனைக் கணக்கிடும்போது, துணியில் மிச்சமிருக்கும் ஈரத்தைக் காயவைக்க ஆகும் மின்சாரத்தையும் சேர்த்துக்கொள்வது இதனால்தான். நமக்குக் கொடியும் வெயிலும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் அந்தக் கூடுதல் வேகம் கை கொடுக்கும். அதற்காக எவ்வளவு கொடுக்கலாம் என்பது பால்கனியின் அகலத்தைப் பொறுத்தது.

எந்த லேபிளும் அளக்காத ஒன்று செமி ஆட்டோமேட்டிக் வீடுகளில் நடக்கிறது. விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும் தெரு. மூன்றரை மணி நேர ஈகோ அந்த வீட்டுக்கு எதற்கும் ஆகாது. அங்கே அம்மாவோ அக்காவோ டப்பில் ஒரே ஒரு தடவை தண்ணீர் பிடித்து சோப்புப் போடுகிறார். முதலில் வெள்ளைச் சட்டைகள், பள்ளிச் சீருடை. அதை எடுத்துவிட்டு அதே தண்ணீரில் சாயம் போகாத சேலை, நைட்டி. கடைசியாகக் கால்மிதியும் கரித்துணியும். மூன்று லோடுக்கு ஒரே சோப்புத் தண்ணீர். கடைசி அலசல் தண்ணீர் வாளியில் பிடிக்கப்பட்டு வாசல் கழுவவும் கக்கூஸுக்கும் போகிறது. ஆட்டோமேட்டிக் மெஷின் ஒவ்வொரு லோடுக்கும் புதுத் தண்ணீர் பிடித்து, வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் குழாய் வழியாக வெளியே தள்ளிவிடும். கிலோவுக்கு இத்தனை லிட்டர் என்று போட்டுப் பார்த்தால் அந்தப் பெண்ணின் முறை விலை உயர்ந்த மெஷின்களுக்குப் பக்கத்தில் நிற்கும். அவர் அதற்குக் கொடுக்கும் விலை, குனிந்து நிமிரும் முதுகும் பக்கத்திலேயே நிற்க வேண்டிய ஒரு மணி நேரமும். அதே செமி ஆட்டோமேட்டிக்கில் குழாயைத் திறந்துவிட்டு வழிய வழிய அலசும் வீடும் உண்டு. அங்கே டாப் லோடையும் மிஞ்சித் தண்ணீர் போகும்.

ஈகோ ஓடும் மூன்றரை மணி நேரத்தில் வீட்டில் உள்ளவர்களுக்கு வேலை இரண்டு நிமிடம், துணியைப் போடவும் எடுக்கவும். மிச்ச நேரம் மெஷினுடையது. தொட்டியில் எந்நேரமும் தண்ணீர் இருக்கும் வீடு என்றால், ராத்திரி படுக்கும்போது லோடு நிறைத்து, வெப்பத்தைக் ‘கோல்ட்’ அல்லது 30ல் வைத்து, விழிக்கும் நேரத்துக்கு முடியும்படி டிலே பட்டனை அழுத்திவிடலாம். நம் புழுக்கத்தில் ஈரத் துணி மூடிய டிரம்மில் ரெண்டு மணி நேரம் கிடந்தாலே வாடை வந்துவிடும், அதனால் தொடங்கும் நேரத்தை விட முடியும் நேரத்தைப் பார்த்து வைப்பதுதான் முக்கியம். கரன்ட் போனாலும் பெரும்பாலான ஆட்டோமேட்டிக் மெஷின்கள் திரும்ப வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கடைக்குப் போகும்போது, நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிறுத்தாமல் ஒரு தடவைக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டு அதைக் கிலோவால் வகுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டு டேங்க் மெஷினுக்கு மேலே எத்தனை மீட்டரில் இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே அளந்துகொண்டு போங்கள்.